மாட்டேன் அக்கா விற்ற தோட்டா

ஊரில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கிற கடை ஒன்றே ஒன்றுதான். அதன் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது. முன்நெற்றியில் மட்டும் ஒரு கீற்று நரை. கண்ணாடி எப்போதும் மூக்கு நுனிக்கு இறங்கி நிற்கும். அப்பா அம்மா வைத்த பெயர் அவளுக்கும் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான் நிலைத்துப்போனது: மாட்டேன் அக்கா.

கையில் காசு இருக்கும், சட்டைப்பையில் உரிமம் இருக்கும், அலமாரியில் சரக்கும் இருக்கும். அப்படியிருந்தும் வியாபாரம் நடக்காது. "உங்க துப்பாக்கில தோட்டா உக்கார்ற அறை என்ன நீளம்? அளந்து பாத்தாச்சா?" என்பாள். வந்தவர் முழித்தால், "துப்பாக்கியக் கொண்டாங்க, பாத்துட்டுத் தரேன். பாக்காமத் தரமாட்டேன்" என்று பெட்டியைத் திரும்ப அடுக்கிவிடுவாள்.

கடைக்குப் பின்னால் இருந்த பட்டறையில் அவள் அண்ணன் துப்பாக்கிகளைப் பழுது பார்த்தான். அரத்தை ஓட்டிக்கொண்டே ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருப்பான். வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கிப் போனதும் எட்டிப் பார்ப்பான்.

"நீ கடை நடத்துறியா, இல்ல ஜாதகப் பொருத்தம் பாக்குறியா?"

"ஜாதகம் தப்பாப் போனா சண்டையோட போச்சு. இது தப்பாப் போனா விரல் போகும்" என்பாள் அவள், தலை நிமிராமலே.

வீம்புக்காகச் சொன்ன பேச்சல்ல அது. இந்தக் கடைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருந்தாள். அச்சகத்தை மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு அண்ணன் கடையில் வந்து உட்கார்ந்தாள். அந்த ஆரம்ப நாட்களில் ஒரு காலை, பால்பண்ணைக்காரர் ஒருவர் சாக்கில் சுற்றிய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். இடது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. சாக்கை விலக்கினால், ஒரு குழல் வாழைப்பழத் தோலை உரித்தது போல விரிந்து கிடந்தது.

"இதை ஒட்டித் தர முடியுமா?" என்று கேட்டார் அவர்.

அண்ணன் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி அது. புதுசாக வந்திருந்த நீளத் தோட்டாவை, அதிலும் வெடிமருந்து அதிகமாக அடைத்ததை, அதில் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தோட்டா உள்ளே சுளுவாகப் போயிருக்கிறது. துப்பாக்கியும் ஒழுங்காக மூடியிருக்கிறது. "இத்தனை நாளும் ஒண்ணும் ஆகலையே, இத்தனை நாளும் ஒண்ணும் ஆகலையே" என்று அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போன அவளுக்கு அந்தப் பேச்சு மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது. வேறு வேலை தேடுகிற எண்ணத்தை அன்றோடு விட்டாள். பிழை திருத்திப் பழகிய கண்ணல்லவா? தோட்டாப் பெட்டிகளில் எறும்பு ஊர்ந்தது போல அச்சடித்திருப்பதை எல்லாம் வரிவிடாமல் படிக்கத் தொடங்கினாள். பழைய குழல்களின் அடியில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, புரியாததை அண்ணனிடம் கேட்டுக் கேட்டு அவன் உயிரை எடுத்தாள்.

இப்படி இருக்கிற கடைக்குத்தான் தையல்காரர் வந்தார்.

இரண்டு தெரு தள்ளி, மாடியில் கடை வைத்திருந்தவர். கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர் என்று பெயர். மனைவி இறந்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஒரே மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். "வீட்டுக்கும் கடைக்குமா செக்குமாடு மாதிரி சுத்தாதீங்கப்பா, எங்கயாவது போய் நாலு பேரோட பழகுங்க" என்று மகள் தொலைபேசியில் நச்சரித்ததில், ஊருக்கு வெளியே இருந்த களிமண் தட்டு சுடும் கழகத்தில் சேர்ந்திருந்தார். எந்திரம் வானத்தில் வீசுகிற தட்டைத் துப்பாக்கியால் சுட்டு உடைக்கிற விளையாட்டு அது. துப்பாக்கி அவருடைய பெரியப்பா விட்டுப்போனது. உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றி வாங்கிவிட்டார். அதற்கென்றே அவர் தைத்திருந்த உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்தபோது, அக்கா முதலில் பார்த்தது உறையின் தையலைத்தான். ஓர் இழை பிசகவில்லை.

"பன்னிரண்டு போர் சைஸ் தோட்டா ரெண்டு பெட்டி வேணும் மேடம்."

"அறை அளந்து பாத்தாச்சா சார்?"

"அளக்கலை. நீங்க கேப்பீங்கன்னு சொன்னாங்க, அதான் கையோட கொண்டுவந்துட்டேன்."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. துப்பாக்கியை மடக்கித் திறந்து, இரண்டு குழலும் காலி என்று பார்த்துக்கொண்டு, பித்தளை அளவுகோலை உள்ளே விட்டாள். எழுபது என்று போட்டிருந்த கோடு வெளியிலேயே நின்றுவிட்டது.

"அறுபத்தஞ்சு மில்லிமீட்டர்தான் சார். குட்டை அறை. அந்தக் காலத்துல அப்படித்தான் செஞ்சாங்க. எங்ககிட்ட இருக்கிறதெல்லாம் எழுபது. தரமாட்டேன்."

தையல்காரர் காட்சிக்கு வைத்திருந்த வெற்றுத் தோட்டா ஒன்றை எடுத்தார். மருந்து இல்லாமல், அளவு காட்டுவதற்காக வாயை மடித்து வைத்தது. "போட்டுப் பாக்கலாமா?" என்று அவள் அனுமதி வாங்கிக்கொண்டு குழலில் போட்டார். அழகாக உள்ளே இறங்கியது. மூடினார். மூடியது.

"போகுதே மேடம்."

"போகும் சார், அதுதான் வம்பே. இதோ பாருங்க, வாய் மடிச்சிருக்கு. பெட்டில எழுபதுன்னு போட்டிருக்கிறது இப்ப இருக்கிற நீளத்த இல்ல. சுட்டப்புறம் மடிப்பு பிரிஞ்சு நிக்கிற நீளத்த."

தையல்காரர் தோட்டாவை விரல்களுக்கிடையே உருட்டினார். மடிப்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"அப்ப இது கால்சட்டைக்குக் கீழ்விளிம்பு மடிச்ச மாதிரி. பிரிச்சா நீளம் கூடும். உள்ள இடம் இல்லேன்னா பிரிஞ்ச துணி எங்க போகும்?"

"அறை முடியற இடத்துல குழல் குறுகுது. அந்தக் குறுகின வாயில போய்ச் செருகிக்கும். ஈய ரவை அத்தனையும் அந்த வழியாத்தானே வெளிய போகணும்? வழி அடைச்சா உள்ள அழுத்தம் எகிறும்."

"சின்னக் கழுத்து வெச்சு தைச்ச சட்டைய தலைவழியா இழுத்துப் போடற மாதிரி."

அக்கா சிரித்துவிட்டாள். எத்தனையோ பேருக்கு வாய் வலிக்க விளக்கியிருக்கிறாள். பாதிப் பேர் கடியாரத்தைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். இந்த மனிதர் அவள் சொல்வதை வாங்கிக்கொண்டு, கூட ஒரு முடிச்சும் போட்டுத் தருகிறாரே!

சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தான். தங்கை சிரித்த சத்தம்தான் அவனை இழுத்து வந்தது, துப்பாக்கி இல்லை. ஆனாலும் வந்த இடத்தில் யோசனை சொன்னான். "இதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? அறையைக் கொஞ்சம் சுரண்டி நீளமாக்கிட்டா எழுபதே போடலாம். ஒரு நாள் வேலை."

"குழல் எவ்வளவு கனம்னு பாத்தியா?"

"பாத்துட்டாப் போச்சு."

குழல்களைக் கழற்றி உள்ளே கொண்டுபோனான். முதலில் ஒரு கம்பியில் தொங்கவிட்டு மரச் சுத்தியால் லேசாகத் தட்டினான். மணி அடித்தது போல நீளமாக ஒலித்தது. இரண்டு குழலையும் சேர்த்த பற்றவைப்பு எங்கும் விடவில்லை என்று தெரிந்தது. பிறகு சுவரின் கனத்தை அளந்தான். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"நல்ல சாமான். அருமையா வெச்சிருக்காங்க. ஆனா இந்த இடத்துல சுரண்டினேன்னா தகர டப்பாதான். கை வெக்க மாட்டேன்."

"பாருங்க, எங்க குடும்பமே அப்படித்தான்" என்றாள் அக்கா.

குழலில் குத்தியிருந்த சோதனை முத்திரையையும் பார்த்தார்கள். அந்தத் துப்பாக்கியைச் செய்த காலத்தில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சோதித்தார்களோ, அதற்கு மேல் போகக்கூடாது. அதனால் நீளம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. மருந்தும் மிதமாக இருக்க வேண்டும், ரவையும் பழைய மாதிரி ஈயமாக இருக்க வேண்டும். இரும்பு ரவை இந்த மாதிரிக் குழலுக்கு ஆகவே ஆகாது. ஈயம் நெருக்கினால் நெளிந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது.

"குட்டையா, மிதமா, ஈயமா. மொத்த வியாபாரிக்கு எழுதிப் போடறேன். வர நாளாகும்."

"ஆகட்டும் மேடம். பெரியப்பா போனப்புறம் இது பீரோவுல தூங்கிட்டுத்தானே இருந்தது. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்."

ஆனால் தையல்காரர் தூங்கவில்லை. "வந்துடுச்சா?" என்று கேட்கிற சாக்கில் வந்தார். குழல் துடைக்கிற எண்ணெய் வாங்க வந்தார். அந்த எண்ணெயை எப்படித் தடவுவது என்று கேட்க மறுபடி வந்தார். ஒரு முறை அக்கா கடையில் போட்டுக்கொள்கிற மேலங்கியின் பை கிழிந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, "இதைப் பாத்துட்டு எனக்கு சோறு இறங்காது" என்று கையோடு வாங்கிப் போனார். திரும்பி வந்தபோது பை புதுசாக இருந்தது. உள்ளே பூதக்கண்ணாடிக்கென்று மெத்தென்ற துணியில் இன்னொரு சின்னப் பையும் வைத்துத் தைத்திருந்தார். அக்கா அதில் கையை விட்டு விட்டு எடுத்தாள். அன்று முழுக்க அவளுக்குப் பூதக்கண்ணாடி அடிக்கடி தேவைப்பட்டது.

இதையெல்லாம் அண்ணி கவனித்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பாடு கொண்டுவருகிறவள் அவள். முன்பெல்லாம் பாத்திரத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள். இப்போது கடையிலேயே தங்கி, அலமாரியைத் துடைக்கிறேன் பேர்வழி என்று நின்றாள்.

"நல்ல மனுஷன்" என்றாள் ஒரு நாள், அலமாரியைப் பார்த்து.

"யாரு அண்ணி?"

"பொதுவாச் சொன்னேன்."

சரக்கு வந்து சேர்ந்தது. அக்கா ஆசையாகப் பெட்டியை எடுத்தாள். அறுபத்தைந்து என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. திருப்பினாள். பக்கவாட்டில், பசை ஒட்டிய மூலையில், இரும்பு ரவை என்று பொடி எழுத்தில் இருந்தது. அவளுக்கு வந்த கோபத்தில் மொத்த வியாபாரிக்குக் காது சூடாகியிருக்கும். அவரைத் தொலைபேசியில் பிடித்து, "நான் எழுதினது ஈயம், உங்களுக்குப் படிக்கத் தெரியுமா தெரியாதா?" என்று ஒரு பிடி பிடித்தாள். அவர் மாற்றித் தருவதாகச் சொன்னார். திருப்பி அனுப்ப வேண்டிய பெட்டியைக் கல்லாவுக்குக் கீழே ஒதுக்கி வைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. கொஞ்ச நாளாகவே தொல்லை கொடுத்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள அவள் பல் மருத்துவரிடம் போனாள். கல்லாவில் அண்ணி உட்கார்ந்தாள். மருத்துவர் கன்னத்தில் ஊசி போட்டுப் பல்லை எடுத்து, வாயில் பஞ்சை வைத்து அனுப்பினார். பாதி முகம் மரத்துப்போய், யாரோ ஒருத்தியின் கன்னத்தைக் கடன் வாங்கி ஒட்டிக்கொண்டது போல இருந்தது. கடைக்குத் திரும்பி, அங்கியை மாட்டும்போதே கல்லாவுக்குக் கீழே கண் போயிற்று. பெட்டி இல்லை.

"அன்னி, பெத்தி எங்க?"

"என்னது? பேத்தியா?" என்றாள் அண்ணி.

அக்கா குனிந்து காலி இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"ஓ, அதா! அவர் வந்தார். தையல்காரர். இன்னைக்குக் கழகத்துல போட்டியாம், சும்மா வேடிக்கை பாக்கத்தான் போறேன்னார். முகத்தப் பாக்கப் பாவமா இருந்தது. நீங்க ரெண்டு பேரும் அறுபத்தஞ்சு அறுபத்தஞ்சுன்னு உருகினது எனக்குத் தெரியாதா? பெட்டியில அறுபத்தஞ்சுன்னு போட்டிருந்தது, எடுத்துக் குடுத்துட்டேன். உரிமமெல்லாம் சரியாப் பாத்துட்டேன்" என்று பெருமையோடு சொல்லி முடித்தவள், நாத்தனாரின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள். "ஏன், தப்பா?"

அக்காவால் விளக்க முடியவில்லை. "இழும்பு" என்றாள். பட்டறையில் இருந்த அண்ணனுக்கு அந்த அரைகுறைச் சொல்லே போதுமாக இருந்தது. எண்ணெய்க் கையைக்கூடத் துடைக்காமல் வேன் சாவியை எடுத்தான். தையல்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுடுகிற இடத்தில் கைப்பேசியைக் கொட்டகையில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது கழகத்தின் சட்டம்.

வேனில் போகும்போது அக்காவுக்கு அறையும் குழலும் அழுத்தமும் மனசில் ஓடவில்லை. தையல்காரரின் இடது கை மட்டும் ஓடியது. துணியைத் தள்ளிக் கொடுக்கிற கை. குழலைத் தாங்கிப் பிடிக்கிறதும் அதே கைதான். எதிர்க் கண்ணாடிக்கு அப்பால் மைதானத்திலிருந்து டப் டப் என்று சத்தம் வரத் தொடங்கியதும் அண்ணன் பக்கவாட்டில் அவளைப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகாது. அழாதே" என்றான்.

அவள் அழுகிறாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. கன்னம் மரத்திருந்ததால் கண்ணீர் வழிந்தது உறைக்கவில்லை.

வேன் நிற்பதற்குள் இறங்கி ஓடினாள். சுடுகிறவர்களுக்குப் பின்னால், வேலி ஓரத்தில் ஒரு மரப்பலகை. அதில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி மடக்கித் திறந்தபடி மடியில் கிடந்தது. குழல்கள் இரண்டும் காலி. இரண்டு கையும் முழுசாக இருந்தன. ஒன்றில் ரொட்டித்துண்டு இருந்தது. வீங்கிய கன்னமும் ஈர முகமுமாக ஓடிவந்தவளைப் பார்த்து அவர்தான் பதறிப் போனார்.

"ஐயோ, என்னாச்சு? யார் அடிச்சாங்க?"

"சுத்தீங்களா?"

"இல்ல, சுடலை. உக்காருங்க முதல்ல."

அண்ணன் மூச்சிரைக்க வந்து சேர்ந்து விஷயத்தைச் சொன்னான். தையல்காரர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து சின்னதாக ஒரு லாடக் காந்தத்தை எடுத்தார். கீழே சிந்துகிற குண்டூசிகளைப் பொறுக்குவதற்காகத் தையல்காரர்கள் வைத்திருக்கிற சாமான்.

"தோட்டாவ எடுத்து இந்தப் பையில போட்டேன். போட்டதும் கட்டிப் பிடிச்ச மாதிரி இதுல ஒட்டிக்கிச்சு. அடிப்பக்கம் ஒட்டினா சரி, அங்க ஏதோ தகடு இருக்கு. இது வாய்ப்பக்கம் ஒட்டுது. ஈயம் எங்கயாவது காந்தத்துல ஒட்டுமா? கடைல ஏதோ மாறிப்போச்சுன்னு நினைச்சேன். எப்படியும் உங்க கையால வாங்கலை பாருங்க, எனக்கும் மனசு ஒப்பலை."

அண்ணன் அந்தக் காந்தத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, வேனைப் பூட்டினேனா தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனான். வேன் கண்ணெதிரே பூட்டித்தான் நின்றது.

தையல்காரர் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். ஆறியிருந்தது. அக்கா ஒரு மடக்குக் குடித்தாள்; மரத்த பக்கமாகப் பாதி வழிந்து தாடையில் ஓடியது. வெட்கத்தில் அவள் முகத்தைத் திருப்ப, அவர் கைக்குட்டையை நீட்டினார். அதன் விளிம்புத் தையலையும் அவள் பார்க்கத் தவறவில்லை. இரண்டு பேரும் அந்தப் பலகையில் உட்கார்ந்து, மற்றவர்கள் தட்டு உடைப்பதைக் கடைசி வரைக்கும் பார்த்தார்கள். பேசியது அவர் மட்டும்தான். அவள் "ம்" கொட்டினாள். அவ்வளவு நேரம் யாருக்கும் எதையும் விளக்காமல் அவள் உட்கார்ந்திருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அண்ணிதான் ரொம்ப நாள் தேறவில்லை. "நல்லது பண்ணப் போய் மனுஷனைக் கொன்னிருப்பேனே" என்று சமையலறையில் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"மேல 'விற்காதே'ன்னு ஒட்டாம வெச்சது என் தப்பு அண்ணி" என்றாள் அக்கா. "அவர் முகத்தப் பாத்து உங்களுக்குப் பாவமா இருந்துச்சு, அவ்வளவுதானே. எனக்கு தினமும் இருந்துச்சு."

அண்ணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். புலம்பல் அன்றோடு நின்றது.

சரியான சரக்கு அதற்கடுத்து வந்தது. அக்கா பெட்டியின் ஆறு பக்கமும் படித்தாள். நீளம் சரி. மருந்து மிதம். ஈயம். அடுத்த ஞாயிறு தானே எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். தையல்காரர் இரண்டு தோட்டாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "முதல்ல நீங்க" என்றார்.

"நானா? நான் சுட்டதே இல்லையே."

"நிஜமாவா?"

நிஜந்தான். இவ்வளவு காலமாகத் தோட்டாவோடு குடித்தனம் நடத்தியவள் ஒரு முறைகூட விசையை இழுத்ததில்லை. யாரும் கேட்டதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை. அண்ணன் பின்னால் வந்து நின்று, "கன்னத்தைக் கட்டையோட ஒட்டு! தட்டைப் பார், குழலைப் பார்க்காதே!" என்று கத்தினான். முதல் தட்டு அவள் பக்கம் திரும்பியும் பார்க்காமல் பறந்து போய்ப் புல்லில் விழுந்தது. இரண்டாவது கிளம்பியது. அவள் அதைக் கண்ணால் பிடித்து, கூடவே போய், இழுத்தாள். தோளில் ஒரு செல்லத் தட்டு, அவ்வளவுதான். வானத்தில் தட்டு கரும்பொடியாக உதிர்ந்தது.

அவள் துப்பாக்கியை மடக்கித் திறந்தாள். சுட்ட தோட்டாக்களை வெளியே எடுத்து, விரிந்து நின்ற வாயை அளவுகோலில் வைத்துப் பார்த்தாள். அறுபத்தைந்தைத் தாண்டவில்லை. அப்புறம்தான் குதித்தாள். சின்னப் பிள்ளை போலக் குதித்தாள் என்று அண்ணன் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறான்.

கல்யாணப் பேச்சைத் தையல்காரர் முதலில் அண்ணனிடம்தான் எடுத்தார். அது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை அவர் கடை மாடிப்படியேறி நேரே போய் நின்றாள்.

"என்னைக் கேக்காம அண்ணன்கிட்ட எதுக்குக் கேட்டீங்க? துப்பாக்கியப் பழுது பாக்கவா கேட்டீங்க?"

"பயமா இருந்துச்சு" என்றார் தையல்காரர். "உங்க வாயில வழக்கமா வர்ற பதில் ஊருக்கே தெரியுமே."

"கேட்டுப் பாத்தாத்தானே தெரியும்?"

அவர் வாயில் வைத்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்திவிட்டு, எழுந்து நின்று, கேட்டார்.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மகள் வெளியூரிலிருந்து வந்து சித்தி என்று கூப்பிட்டாள். ஊருக்குத் திரும்புவதற்குள் அப்பாவைப் பற்றிய குறைகளை ஒன்று விடாமல் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அக்கா இப்போதும் கல்லாவில்தான் இருக்கிறாள். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கென்று ஓர் அலமாரித் தட்டு நிறையக் குட்டைத் தோட்டா வாங்கி அடுக்கியிருக்கிறாள். தேடி வருகிறவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். வியாபாரம் படுத்துப்போகும் என்று பயந்துகொண்டிருந்த அண்ணனே அந்தப் பெட்டிகளை இறக்கி அடுக்குகிறான். மாலையில் தையல் கடை விளக்கு அணைந்ததும் தையல்காரர் வந்து நிற்பார். இரண்டு பேரும் காய்கறி வாங்கிக்கொண்டு, எதையாவது வாதாடிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். தட்டு உடைப்பதில் அவளுக்குத்தான் கை வாகாக இருக்கிறது. அவர் பத்துக்கு நாலு உடைத்தாலே பெரிசு. அதில் அவருக்கு வருத்தமும் கிடையாது.

போன ஞாயிறு மைதானத்துக்குக் கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். விடுகிற மழையாகத் தெரியவில்லை. அவர் அரைகுறையாகக் கிடந்த ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் காலை நீட்டிக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கொடுத்தாள்.